பழைய கூடு, புதிய கணினி

நுழையும்முன்

ஒரு கணினியின் எல்லா உறுப்புகளும் ஒரே நாளில் முதுமை அடைவதில்லை. செயலி காலாவதியாகும்போதும் அதைத் தாங்கிய இரும்புக் கூடு உறுதியாகவே இருக்கும். திரை தெளிவாக ஒளிரும். வன்தட்டிலோ ஒரு குடும்பத்தின் பத்தாண்டு நினைவுகள் உறைந்திருக்கும். புதிய கணினி வாங்கும் வேளையில் பழையதிலிருந்து எவற்றை எடுத்துக்கொள்வது, எவற்றை விட்டுவிடுவது என்பது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. தவறான ஓர் உறுப்பைத் தேர்ந்தால் புதியதும் கெடும். எடுக்க மறந்த ஓர் உறுப்போடு திரும்பப் பெற இயலாத செல்வம் போய்விடும். அத்தேர்வின் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அளந்து எடுத்தல்

காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த தூண்களையும் நிலைகளையும் கதவுகளையும் விற்கும் கடைகள் உள்ளன. பர்மாத் தேக்கில் செய்த ஒரு நிலையை வாங்க வரும் தச்சர், அதன் செதுக்கு வேலையை வியப்பதற்கு முன் அளவுகோலை எடுத்து அகலத்தையும் உயரத்தையும் அளப்பார். அடுத்து, மரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே செல்லரித்திருக்கிறதா என்று அறிவார். அளவு பொருந்தாவிடில் எத்துணைச் சிறந்த தேக்கும் புதிய சுவரில் ஏறாது. உள்ளே அரித்திருந்தால் அளவு பொருந்தியும் பயனில்லை. பழைய கணினியின் உறுப்புகளைத் தெரிவு செய்வோருக்கும் இவ்விரு சோதனைகளே போதும். முதலாவது, பொருந்துமா? இரண்டாவது, தாங்குமா?

கணினியைப் பிரித்துச் சேர்க்க முடிவதே ஒரு வரலாற்று விளைவுதான். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, பெரும்பாலும் சந்தையில் கிடைத்த உறுப்புகளைக் கொண்டே கட்டப்பட்டது. அதன் மின்சுற்று வரைபடங்களும் தொழில்நுட்பக் கையேடாக அச்சிடப்பட்டுக் கிடைத்தன. ஆகவே, பிற நிறுவனங்களும் அதில் பொருந்தும் அட்டைகளைச் செய்தன. விரைவில் முழுக் கணினிகளையே செய்யத் தொடங்கின. 1995இல் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் செந்தரத்தை வகுத்தது. தாய்ப்பலகையின் அளவு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகள் இன்னின்ன இடங்களில். மின்வழங்கியின் திருகுகள் இன்னின்ன இடங்களில் என்று அது வரையறுத்தது. செயலிகளின் வேகம் அதன்பின் பன்மடங்கு பெருகியபோதும் அத்துளைகள் இடம் மாறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கூட்டில் இன்றைய தாய்ப்பலகையை முடுக்க இயல்வது இதனால்தான்.

நோயுறாத ஓய்வு

2012ஆம் ஆண்டளவில் உறுப்புகளை வாங்கிக் கோத்த ஒரு மேசைக்கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எல்.ஜி.ஏ. 1155 வகைப் பொருத்துவாயில் அமர்ந்த நான்கு உள்ளகச் செயலி, எட்டு கிகாபைட் டிடிஆர்3 நினைவகம், ஒரு டெராபைட் வன்தட்டு, 450 வாட் மின்வழங்கி, நீலநிற வி.ஜி.ஏ. இணைப்பி கொண்ட திரை. அக்காலத்தில் பல வீடுகளிலும் அலுவலகங்களிலும் இத்தகைய கணினிகளே இருந்தன. அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. பிறகு ஏன் அவற்றை மாற்ற வேண்டும்?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஏறத்தாழ 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த செயலிகளையும் கோருகிறது. எனவே, எந்தப் பழுதும் இல்லாத ஒரு பொறி தகுதியை இழந்து ஓய்வு பெறுகிறது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் இணையத்தில் படிக்கவும் மட்டுமே பயன்படும் கணினி எனில், அதில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். எதையும் பிரிக்காமல் முழுமையாகப் பயன்படுத்துவதைவிடச் சிறந்த மறுபயன்பாடு வேறில்லை. அது இயலாதபோதே திருப்புளியை எடுக்க வேண்டும்.

ஒன்றாகப் போகும் மூன்று

செயலி, தாய்ப்பலகை, நினைவகம் ஆகிய மூன்றும் ஒரு குடும்பம். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் பெரும்பாலும் உடன்செல்லும். எல்.ஜி.ஏ. 1155 என்பதிலுள்ள எண் தொடுமுனைகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 2021இல் வந்த எல்.ஜி.ஏ. 1700இல் அவை ஆயிரத்து எழுநூறாகப் பெருகின. பழைய செயலியைப் புதிய பலகையில் வைக்க வழியே இல்லை.

நினைவகத்தின் நிலையும் அதுவே. டிடிஆர்3 அட்டைக்கு 240 முனைகள், 1.5 வோல்ட் மின்னழுத்தம். 2014இல் சந்தைக்கு வந்த டிடிஆர்4க்கு 288 முனைகள், 1.2 வோல்ட். 2020இல் செந்தரம் வெளியான டிடிஆர்5க்கும் 288 முனைகளே. ஆனால் மின்னழுத்தம் 1.1 வோல்ட். முனைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதைக் கண்டு ஒன்றை மற்றொன்றின் செருகுவாயில் அழுத்துவோர் உண்டு. அதைத் தடுக்கவே அட்டையின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றே இடம் மாற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. செருகும்போது அட்டை முரண்டுபிடித்தால் மேலும் அழுத்தாமல் நிறுத்திப் பார்ப்பதே அறிவுடைமை.

விதிவிலக்கும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ‘ஏ.எம்.4’ பொருத்துவாய் 2016 முதல் பல தலைமுறைச் செயலிகளுக்கு இடமளித்தது. 2017இல் வாங்கிய தாய்ப்பலகைகள் பலவற்றில், அவற்றின் அடிப்படை மென்பொருளாகிய பயாஸைப் புதுப்பித்தபின், 2020இல் வெளிவந்த செயலிகளைப் பொருத்த முடிந்தது. அத்தகைய பலகை வைத்திருப்போர் செயலியை மட்டும் மாற்றிப் புதுக்கணினியின் வேகத்தைப் பெற்றனர். வடிவமைப்பாளர் நினைத்தால் ஒரு பொருளின் வாழ்நாளை நீட்ட முடியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

கூடு

இரும்புக் கூட்டில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. தூசியைத் துடைத்து, விசிறிகளைச் சுழற்றிப் பார்த்து, உராயும் ஓசை எழும் விசிறியை மட்டும் மாற்றினால் அது புதியதற்கு ஒப்பாகும். எனினும், இங்கே ஒரு சிறு பொருள் பெருந்தீங்கு செய்யக்கூடும். தாய்ப்பலகை கூட்டின் தகட்டில் நேரடியாகப் படாதவாறு அதைத் தூக்கி நிறுத்துபவை பித்தளைத் தாங்கிகள். பழைய பலகை முழு அளவினதாகவும் புதியது சிற்றளவினதாகவும் இருந்தால் சில தாங்கிகள் துளையின்றி வெறுமனே நிற்கும். அவற்றைக் கழற்றாமல் பலகையை வைத்தால் அதன் அடிப்புறத்து ஈயப்பற்றுகளை அவை தொடும், மின்குறுக்கு உண்டாகும். புதிய கணினி உயிர்பெறவில்லை என்று வருந்துவோர் பலகையைத் தூக்கித் தாங்கிகளை எண்ணிப் பார்ப்பது நல்லது.

பெருநிறுவனங்கள் முழுமையாகச் செய்து விற்ற கணினிகளுள் சிலவற்றின் கூடும் மின்வழங்கியும் அவற்றுக்கே உரிய அளவில் அமைந்தவை. அவை செந்தரத்திற்குக் கட்டுப்படாதவை. அத்தகைய கூட்டை மறுபயன்பாட்டிற்காகப் பேணி வைப்பதில் பயனில்லை. முகப்பிலுள்ள யு.எஸ்.பி. துளைகள் பழைய வகையினவாக இருப்பது சிறு குறை; பின்புறத் துளைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மின்வழங்கி

கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று அழைக்கும் மின்வழங்கியைப் பொறுத்தவரை பலரும் ஏமாறுவது அதன் அமைதியைக் கண்டுதான். பழைய கணினியில் பதின்மூன்று ஆண்டுகள் குறையின்றி உழைத்தது, புதியதிலும் உழைக்காதா என்று எண்ணத் தோன்றும். அதன் உள்ளே இருக்கும் மின்பகுளி மின்தேக்கிகள் வெப்பத்தால் மெல்ல மெல்ல உலர்கின்றன. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலார் கைக்கொள்ளும் கணக்கு. கோடையில் காற்றோட்டமற்ற மேசையின் அடியில் கிடந்த மின்வழங்கி, பெட்டியில் அச்சிட்ட திறனை இன்றும் தரும் என்று நம்ப இடமில்லை.

அச்சிட்ட திறனையும் அப்படியே ஏற்றல் கூடாது. பழைய வழங்கிகள் தம் திறனின் பெரும்பகுதியை 3.3 வோல்ட், 5 வோல்ட் தடங்களில் பகிர்ந்து வைத்திருந்தன. இக்காலச் செயலியும் வரைகலை அட்டையும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்னாற்றலைப் பெறுகின்றன. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய தாளைப் படித்தால் உண்மை விளங்கும். அதில் 450 வாட் என்று பெரிதாக எழுதி, 12 வோல்ட் தடத்திற்கு 18 ஆம்பியர் எனச் சிறிதாகக் குறித்திருந்தால், அத்தடம் தரும் திறன் பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் வரும் 216 வாட்தான். எஞ்சிய திறன் புதிய கணினிக்கு உதவாத இடத்தில் இருக்கிறது.

மின்வழங்கி கெடும்போது தனியே கெடுவதில்லை என்பதே அச்சத்திற்குரியது. அது உடன் இணைந்த தாய்ப்பலகையையும் வன்தட்டையும் சேர்த்துக்கொண்டு போகலாம். ஆகவே, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உட்பட்டதும் நம்பகமான தயாரிப்பும் ஆனாலன்றிப் பழைய மின்வழங்கியைப் புதிய கணினிக்கு எடுத்துச் செல்வது சிக்கனம் ஆகாது. அதைத் திறந்து பழுது பார்க்க முயல்வதும் தகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கியில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும்.

கம்பிகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கழற்றி மாட்டும் கம்பிகளைக் கொண்ட மின்வழங்கிகளில் வன்தட்டின் பக்கம் உள்ள முனை செந்தரப்படி அமைந்தது. வழங்கியின் பக்கம் உள்ள முனைக்கு அத்தகைய பொதுச் செந்தரம் இல்லை. ஒரு நிறுவனத்தின் கம்பி மற்றொன்றின் வழங்கியில் இதமாகச் செருகிக்கொள்ளும். ஆனால் 5 வோல்ட் செல்லவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயும். ஒரு நொடியில் வன்தட்டு கருகிவிடும். பழைய வழங்கியை விடும்போது அதன் கம்பிகளையும் உடன் விட்டுவிட வேண்டும்.

வன்தட்டு

கணினியிலுள்ள உறுப்புகளுள் விலைக்கு வாங்க முடியாதது வன்தட்டில் எழுதப்பட்டிருப்பதே. மறைந்த பாட்டியின் குரல், பட்டமளிப்பு நாளின் ஒளிப்படம், கடையின் பத்தாண்டுக் கணக்கு, முடிவுறாத ஆய்வேடு. இவற்றைத் தாங்கி நிற்பதோ, அப்பெட்டியில் மிகக் குறைவாக நம்பத்தக்க உறுப்பு. நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டுகளின் மேல், முடியின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் படிமுனை மிதந்து செல்கிறது. நாள்தோறும் எட்டு மணிநேரம் வீதம் பதின்மூன்று ஆண்டுகள் ஓடியிருந்தால், அது சுழன்ற காலம் ஏறத்தாழ 38,000 மணிநேரம்.

எனவே, பிரிக்கும் பணியின் முதற்படி பிரிப்பதன்று. பழைய கணினி உயிருடன் இருக்கும்போதே கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுக்க வேண்டும். படியெடுத்தவற்றுள் சிலவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். இயன்றால் இரண்டாவது படி ஒன்றை வேறிடத்தில் வைக்க வேண்டும். இதன் பிறகே வன்தட்டின் உடல்நிலையை ஆராயலாம். வன்தட்டுகள் ‘ஸ்மார்ட்’ என்னும் முறையில் தம் நலக்குறிப்பைத் தாமே எழுதிவருகின்றன. அதைப் படித்துக் காட்டும் கட்டணமில்லா மென்பொருள்கள் உள்ளன. ஓடிய மணிநேரம், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் முதன்மையானவை. பின்னிரண்டும் சுழியமாக இருந்தால் அது இன்னும் சிறிது காலம் உழைக்கலாம். அவை வாரந்தோறும் கூடுமாயின், அல்லது தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்னும் ஓசை எழுமாயின், அதை மேலும் ஓடவிடுவதே இழப்பைத் தேடுவதாகும்.

2003இல் வந்த சாட்டா இணைப்பு இன்றும் வழக்கில் இருப்பதால் பழைய வன்தட்டு புதிய பலகையில் எளிதாகப் பொருந்தும். ஆனால் பொருந்துவதும் தொடங்குவதும் ஒன்றல்ல. பழைய தட்டுகள் எம்.பி.ஆர். என்னும் முறைப்படி பிரிக்கப்பட்டவை. வழக்கமான அமைப்பில் அம்முறையால் இரண்டு டெராபைட்டுக்கு மேல் ஆள இயலாது. புதிய பலகைகள் பல, அம்முறையில் அமைந்த தட்டிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்குவதை ஆதரிப்பதில்லை. ஆகையால் இயங்குதளத்தைப் புதிய திண்மநிலை வட்டில் நிறுவிவிட்டு, பழைய தட்டைச் சேமிப்பறையாக மட்டும் வைத்துக்கொள்வதே தக்கது. வேகத்தை நோக்கினும் அதுவே நன்று.

அண்மைக்காலக் கணினியிலிருந்து வட்டை எடுப்போர்க்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. விண்டோஸின் பிட்லாக்கர் வசதி வட்டை மறையீடு செய்து, அதன் திறவுகோலைப் பழைய தாய்ப்பலகையோடு தொடர்புடைய டி.பி.எம். சில்லிடம் ஒப்படைத்திருக்கலாம். வட்டு இடம் மாறியதும் 48 இலக்க மீட்பு எண்ணை அது கேட்கும். அவ்வெண்ணை முன்னரே குறித்து வைக்காதவர்க்கு, வட்டு கைக்குள் இருந்தும் அதிலுள்ளவை எட்டாதவை ஆகும். வேறெவராலும் அதைத் திறக்க இயலாது. அவ்வாறு இயலாதிருப்பதுதான் அதன் வடிவமைப்பு.

இயங்குதள உரிமத்திலும் வேறுபாடு உண்டு. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் அதன் தாய்ப்பலகையோடு கட்டுண்டது. தனியே விலைகொடுத்து வாங்கிய சில்லறை உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

திரையும் பிறவும்

திரை நெடுநாள் உழைப்பது. 1987இல் தோன்றிய வி.ஜி.ஏ. இணைப்பு தொடர்முறைக் குறிகையைக் கொண்டது, இன்றைய எச்.டி.எம்.ஐ. எண்முறைக் குறிகையை அனுப்புவது. இரண்டுக்கும் இடையே வெறும் கம்பி போதாது. குறிகையை மாற்றும் சிறு மின்சுற்று கொண்ட மாற்றி வேண்டும். அதன் விலை ஒரு புதிய திரையின் விலையோடு ஒப்பிட மிகச் சிறிது. வரைகலை அட்டையின் செருகுவாய் தலைமுறைகளைக் கடந்து பொருந்துவது. ஆனால் மிகப் பழைய அட்டை, புதிய பலகையின் தொடக்க முறையோடு ஒத்துழையாமல் திரையை இருளாகவே விட்டுவிடலாம். விசைப்பலகை, சுட்டி, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சியவை

எடுத்துக்கொண்டவை போக எஞ்சுவன பழைய செயலி, தாய்ப்பலகை, நினைவகம், மின்வழங்கி. முதல் மூன்றுக்கும் இன்னும் தேவை இருக்கக்கூடும். அதே தலைமுறைக் கணினியை வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு டிடிஆர்3 அட்டை கிடைத்தால் அவருடைய பொறியும் சில ஆண்டுகள் கூடுதலாக வாழும். சென்னையின் ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் பழைய தலைமுறை உறுப்புகளைத் தேடி வருவோரைக் காணலாம்.

அவ்வட்டையின் மதிப்பை அதன் எடையால் அளத்தல் தவறு. 2002இல் எரிக் வில்லியம்ஸ், ராபர்ட் ஏயர்ஸ், மிரியம் ஹெல்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இரண்டு கிராம் எடையுள்ள 32 மெகாபைட் நினைவகச் சில்லைச் செய்யவும் பயன்படுத்தவும் 1600 கிராம் புதைபடிவ எரிபொருளும் 72 கிராம் வேதிப்பொருள்களும் செலவாகின்றன என மதிப்பிட்டது. தண்ணீரின் அளவு 32 கிலோகிராம். உருக்கி எடுக்கும்போது கிடைப்பது சிறிது பொன்னும் செம்புமே. அச்சில்லுக்காகச் செலவான எரிபொருளும் நீரும் திரும்புவதில்லை. ஆதலின் ஓர் உறுப்பை உருக்குவதினும் உறுப்பாகவே பயன்படுத்துவது மேலானது.

எவருக்கும் பயன்படாதவற்றைத் தெருவோரக் குப்பையில் இடலாகாது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 62 மில்லியன் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால்பங்கிற்கும் குறைவு. பதிவாகாத கழிவில் ஒரு பகுதி, செம்புக்காகக் கம்பிகளைத் திறந்தவெளியில் எரிப்போரின் கைகளுக்குச் செல்கிறது. அப்புகையை அவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே முதலில் சுவாசிக்கின்றனர். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்துள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் பொருளை ஒப்படைப்பது பயனர் செய்யத்தக்கது.

பழைய வன்தட்டை ஒப்படைக்கும் முன் அதிலுள்ளவற்றை அழிக்க வேண்டும். கோப்பை நீக்கும் கட்டளை, நூலின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை அடிப்பது போன்றது. பக்கங்கள் அப்படியே இருக்கும். சுழலும் வன்தட்டாயின் முழுவதன் மேலும் ஒருமுறை வேறு தரவை எழுதினால் போதும். திண்மநிலை வட்டுக்கு அதன் தயாரிப்பாளர் தரும் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

நலக்குறிப்பு நன்றாக இருக்கும் தட்டாயின் அழிக்க வேண்டிய தேவையே இல்லை. புதிய கணினியில் இரண்டு படிகள் எடுத்து முடிந்தபின், அதை நிலைமின் தடுக்கும் உறையில் இட்டு, மேலே உள்ளடக்கத்தையும் நாளையும் எழுதி, ஈரம் படாத அலமாரியில் வைத்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தபின், அந்நாளையும் உறையின்மேல் குறித்து மீண்டும் வைக்க வேண்டும்.